‘விழிப்புணர்வு இல்லை’ என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அக்டோபர் மாதம் வந்தால் ஊரெல்லாம் இளஞ்சிவப்பு. கட்டடங்களின் மேல் இளஞ்சிவப்பு விளக்கு, கடற்கரையில் காலை நடைப்பயணம், கல்லூரி மாணவிகளின் உடையில் ரிப்பன், நகைக்கடை விளம்பரத்தில் மார்பகப் புற்றுநோய் வாசகம். மேடை போட்டால் மருத்துவர் ஒருவர் பேசுவார், அதிகாரி ஒருவர் பேசுவார், நிதி கொடுத்த நிறுவனத்தின் சார்பில் ஒருவர் பேசுவார். மூன்று பேரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார்கள்: “நம் கிராமத்துப் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை. முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.”

கைதட்டல் விழும். தேநீர் கொடுப்பார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

அந்த வாக்கியத்தை நாங்கள் மறுக்கிறோம். சேரிகளிலும் காலனிகளிலும் வேலை செய்கிற எங்களுக்குத் தெரிந்த பெண்களில் பலர் வந்தார்கள். வலித்த வாரத்திலேயே வந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வந்தார்கள். வந்தவர்களிடம் “ஒன்றுமில்லை, போ” என்று சொல்லித் திருப்பி அனுப்பியது யார் என்பதைத்தான் இங்கே பேச வேண்டும். குறிப்பாக, இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிற பெண்களுக்கு வருகிற, அபூர்வமான, மிக வேகமான மார்பகப் புற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

கட்டியே இல்லாத புற்று

மார்பகப் புற்று என்றால் ‘கட்டி வரும், தடவிப் பார்’ என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட பாடம். ஆனால் அழற்சி மார்பகப் புற்று என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பெரும்பாலும் கட்டி கைக்குத் தட்டுப்படாது. மார்பு திடீரென்று வீங்கும், சிவக்கும், சூடாக இருக்கும், கனக்கும். தோல் தடித்து, கமலா ஆரஞ்சுப் பழத்தின் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இவை மாதக்கணக்கில் மெல்ல வருவதில்லை. சில வாரங்களில் வந்துவிடும். தோலுக்கு அடியில் உள்ள நிணநீர்க் குழாய்களைப் புற்றுச் செல்கள் அடைத்துக்கொள்வதால்தான் இந்தச் சிவப்பும் வீக்கமும்.

மொத்த மார்பகப் புற்றில் இது 100க்கு 1 முதல் 5 வரைதான். ஆனால் கண்டுபிடிக்கும் நாளிலேயே இது குறைந்தபட்சம் மூன்றாம் நிலை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்பதே இதற்குக் கிடையாது. அமெரிக்கக் கணக்குப்படி, தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் 5 ஆண்டுக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். பரவிய பின் என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில வாரங்கள், சில மாதங்கள். அந்த வாரங்களை யார் தின்றார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

இதோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று, ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் வகை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத புற்று. மற்ற வகைகளுக்கு அந்த ஏற்பியைக் குறிவைத்து மாத்திரையோ ஊசியோ உண்டு. இதற்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இளம் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மேலை நாடுகளில் மார்பகப் புற்று வந்தவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இந்த வகை. இந்திய ஆய்வுகளிலோ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை. பிள்ளை பெற்ற பிறகு சில ஆண்டுகளுக்கு மார்பகப் புற்று அபாயம் சற்று உயர்ந்து, பிறகு தணிகிறது என்பதும் மருத்துவ உலகம் அறிந்த செய்திதான்.

இப்போது இந்தச் செய்திகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பால் கொடுக்கிற இளம் தாய். சிவந்து வீங்கிய மார்பு. அவளைப் பார்க்கிறவர் வாயில் முதலில் வருகிற சொல் என்ன? “பால் கட்டு.”

மஞ்சப்பையில் ஏழு சீட்டு

எங்கள் களப்பணியில் சந்தித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறோம். வயது 26. வட மாவட்டம் ஒன்றில், ஊருக்கு வெளியே உள்ள காலனி. சித்தாள் வேலை. இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம். இடது மார்பு சிவந்து கனத்தது. “பால் கட்டிக்கிச்சு புள்ள, வெந்நி ஒத்தடம் குடு” என்றார் மாமியார். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் பார்த்தார்கள். குறையவில்லை. நான்காம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்.

நான்காம் நாள். இதற்கு மேல் என்ன விழிப்புணர்வு வேண்டும்?

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி வந்தது. “என்னம்மா?” “மார்ல வலிங்க.” “பால் குடுக்கிறியா?” “ஆமாங்க.” “பால் கட்டுதான். மாத்திரை எழுதியிருக்கு, வாங்கிட்டுப் போ.” ஐந்து நாள் ஆன்டிபயாடிக். குறையவில்லை. மறுபடி போனார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை போனபோது, “சுத்தமா இருக்கணும்மா, துணியைத் துவைச்சுப் போடு” என்று அறிவுரையும் சேர்ந்து வந்தது.

கம்மலை அடகு வைத்து டவுனில் தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். சீழ் கட்டி என்று சொல்லிக் கீறிவிட்டார்கள். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. புண் ஆறவில்லை. திரும்பப் போனபோது கட்டு மட்டும் மாற்றினார்கள். சிவப்பு பரவியதைப் பார்த்து அக்கி என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. குயவரிடம் போய்ச் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டார். பிறகு தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து ஒரு மாதம் கழித்து மாவட்டத் தலைநகரம். அங்கேதான் ஒரு மருத்துவர் மறைப்பை இழுத்துவிட்டு, மார்பைத் தொட்டு, அக்குளில் விரல் வைத்துப் பார்த்து, அன்றைக்கே பயாப்சிக்கு அனுப்பினார். அதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. கல்லீரலில் இருந்தது.

அவர் மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்த ஓ.பி. சீட்டுகளை நாங்கள் எடுத்து வரிசையாக அடுக்கினோம். பயாப்சிக்கு முன்னால் ஏழு சீட்டு. ஏழிலும் மருந்தின் பெயர் இருக்கிறது. மார்பைப் பரிசோதித்ததாக ஒரு வரி, ஒரு படம், ஒரு அளவு எதிலும் இல்லை. ஏழு முறை வந்த பெண்ணை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. கீறியவர்கூடக் கீறினாரே தவிர, கீறி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவில்லை.

அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்திருந்த ஒருவர் எங்களிடம் சொன்னார்: “பாவம், இந்த ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்லை.” நாங்கள் ஏழு சீட்டையும் அவரிடம் காட்டினோம்.

தொடுதல் என்பது இங்கே மருத்துவச் சொல் மட்டுமா?

மார்பகப் புற்றைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி கை. இயந்திரம் பிறகுதான். விரல்களால் தோலைத் தொட்டு, தடிமனை உணர்ந்து, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். தொடாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

அதையும் எந்த நாட்டில் பேசுகிறோம்? தொடுவதையே குற்றமாக்கி வைத்திருந்த நாட்டில். 2006இல் வெளிவந்த ‘ஊரக இந்தியாவில் தீண்டாமை’ என்னும் ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் சிறார்கள் மருத்துவ வசதி பெறுவதைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வில், பாகுபாடு அதிகமாகத் தலைகாட்டிய இடம் தொடுதல்தான். மருந்தைக் கையில் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போவது, நாடி பிடிக்காமல் கேட்டு எழுதுவது.

“தமிழ்நாட்டில் அப்படியெல்லாம் இல்லை, இது பெரியார் மண்” என்று உடனே பதில் வரும். வரட்டும். எங்கள் பெண்கள் பெரியார் மண்ணின் சுகாதார நிலையங்களில்தான் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே யாரும் “நீ என்ன சாதி?” என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எந்தத் தெரு என்று கேட்டால் போதும். காலனி என்று சொன்னால் போதும். பேச்சு ஒருமைக்கு இறங்குகிறது, பார்வை சீட்டுக்குப் போகிறது, கை மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. கூட்டம் அதிகம் என்று காரணம் சொல்வார்கள். கூட்டம் எல்லாருக்கும் கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருக்காக எழுந்து நிற்கிறார்கள், யாரை உட்கார்ந்தபடி அனுப்புகிறார்கள் என்பதை வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாதிக்கும் பெண்ணின் மார்புக்கும் உள்ள கணக்கு இன்று தொடங்கியதல்ல. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். யார் மார்பை மறைக்கலாம் என்று அன்றைக்குச் சாதி தீர்மானித்தது. யார் மார்பைப் பரிசோதிக்கலாம் என்று இன்றைக்கும் அதுவே தீர்மானிக்கிறது. கேவலமாகப் பார்ப்பதற்கு எங்கள் பெண்களின் உடல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. வயலில், செங்கல் சூளையில், கட்டட வேலையில் அதற்குக் கூச்சம் பார்ப்பதில்லை. அக்கறையோடு பார்ப்பதற்குத்தான் எல்லாருக்கும் கூச்சம் வந்துவிடுகிறது.

முப்பது வயது என்னும் வாசல்

அரசுத் திட்டம் என்ன சொல்கிறது? 2016இல் மத்திய அரசு வகுத்த நடைமுறைப்படி, 30 முதல் 65 வயதுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற பணியாளர் கையால் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும். அது எந்த அளவுக்கு நடந்தது? தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21ஐ எடுத்துப் பாருங்கள். 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 0.9 சதவீதம். முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டும் தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். 100 பெண்களில் 94 பேரை யாரும் பார்க்கவே இல்லை. பிறகு எந்த வாயால் “அவர்கள் வருவதில்லை” என்கிறீர்கள்?

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனை 100 சதவீதம் நடந்தாலும், நாங்கள் பேசுகிற பெண்களை அது காப்பாற்றாது. 26 வயதுப் பெண் அந்தத் திட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறார். சில வாரங்களில் வருகிற நோயை 5 ஆண்டுக்கு ஒரு முறை தேடினால் கிடைக்காது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே சொல்லும்படியான குறைவு இல்லை. இளம் பெண்களின் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமிலும் தெளிவாகத் தெரிவதில்லை.

அப்படியானால் இளம் பெண்களைக் காப்பது எது? நோயில்லாதவர்களைத் தேடிப் போகும் முகாம் இல்லை. வலியோடு வந்தவளை அன்றைக்கே ஒழுங்காகப் பார்க்கும் மருத்துவம். அவள் சொல்வதை நம்புகிற மருத்துவம். முகாம் நடத்துவது எளிது, படம் எடுக்கலாம், பேனர் கட்டலாம். வந்தவளை நம்புவதற்குப் பேனர் கிடையாது. அதனால்தான் அது நடப்பதில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இந்த இளம் தாய்மார்கள் அரசின் கண்ணுக்கு மறைவானவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் தரித்த நாளிலிருந்து ஒரு பெண் பதிவேட்டில் இருக்கிறாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி பெறுகிறாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட 6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம், பிறகு 9ஆம் மாதம் என்று வந்துகொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பிள்ளையை எடை போடுகிறார்கள். பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று கேட்கிறார்கள். பால் வருகிற மார்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. பிள்ளைக்குப் பால் சுரக்கும் வரைதான் அந்த மார்பு அரசுக்கு வேண்டும் போலிருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டி யார்? தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகப்பேறு உதவிக்கும் அவர் பெயர், புற்றுநோய் மருத்துவத்துக்கும் அவர் பெயர். ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் புற்று வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை.

எண்ணாவிட்டால் இறப்பும் இல்லை

அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்று வருவது சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறப்பது சுமார் 40 சதவீதம் அதிகம். ட்ரிபிள் நெகட்டிவ் வகை அவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழற்சிப் புற்றும் அவர்களிடம் கூடுதல். இதில் உயிரியலுக்கு எவ்வளவு பங்கு, நிறவெறிக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே ஆண்டுக்கணக்கில் விவாதம் நடக்கிறது. விவாதிக்க முடிகிறது, ஏனென்றால் எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் கறுப்பினப் பெண்கள் அரசின் சட்டையைப் பிடிக்கிறார்கள்.

இங்கே? தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1982இல் தொடங்கியது. சென்னைப் பதிவேடு அப்போதிருந்தே இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வயது வாரியாக, உறுப்பு வாரியாக, மாவட்ட வாரியாக அறிக்கை வருகிறது. சாதி வாரியாக வருவதில்லை. குடும்பநல ஆய்வு சாதியைக் கேட்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைச் சாதியைக் கணக்கெடுக்கிறது, பள்ளிக்கூடம் கேட்கிறது. புற்றுநோய் மட்டும் சாதி பார்க்காதாம்!

புற்றுச் செல் சாதி பார்க்காது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் செல்லுக்கு ஐந்து மாத அவகாசம் கொடுப்பது எது? ஒரு பெண்ணுக்கு நோய் வந்து எத்தனையாவது வாரம் பயாப்சி நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதைச் சாதி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் எங்கள் வாயை அடைத்துவிடலாமே? எண்ண மறுப்பது ஏன்? 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை, தலித் பெண்கள் ஆதிக்க சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்றது. அந்த 14.6 ஆண்டு எந்தெந்த நோயால் போனது என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டுக்கு விருப்பமில்லை.

மொத்தக் கணக்கே போதுமான அளவு வெட்கக்கேடானது. 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இரண்டு பேருக்கு நோய் வந்தால் ஒருவர் சாகிறார். அமெரிக்காவில் ஏழு பேருக்கு ஒருவர்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே?

இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் எங்கள் மக்கள் பலர் கீமோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். வேறு பல மாநிலங்களில் இதுவும் இல்லை.

ஆனால் அட்டை பேசத் தொடங்குவது நோய்க்குப் பெயர் வைத்த பிறகு. எங்கள் பெண்கள் தோற்பது பெயர் வைப்பதற்கு முன்னால். அந்த ஐந்து மாதத்தில் அடகுக் கடைக்குப் போன கம்மலுக்கு அட்டை பதில் சொல்லாது. பெயர் வைத்த பிறகும் என்ன ஆகிறது? அழற்சிப் புற்றுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு என்ற வரிசை மாறக் கூடாது. மாதக்கணக்கில் நடக்கிற வைத்தியம். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், வாரக்கணக்கில். எல்லா மாவட்டத்திலும் அந்த இயந்திரம் இல்லை. தினமும் பேருந்தில் போய்வர முடியாது, தங்க இடம் கிடையாது, துணைக்கு வருகிறவருக்குக் கூலி போய்விடும், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான்காவது கீமோவோடு நின்றுவிடும் பெண்ணைப் பற்றி ‘நோயாளி சிகிச்சையைக் கைவிட்டார்’ என்று கோப்பில் எழுதுகிறார்கள். யார் யாரைக் கைவிட்டது?

ட்ரிபிள் நெகட்டிவ் புற்றுக்கு இப்போது பெம்ப்ரோலிசுமாப் என்கிற நோய் எதிர்ப்பு மருந்து வந்திருக்கிறது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று நிரூபித்து, 2021இல் அமெரிக்கா அனுமதித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. விலை லட்சக்கணக்கில். காப்புரிமை வைத்திருக்கிற நிறுவனம் கேட்கிற விலை அது. ஹெர்-2 புற்றுக்கான டிராஸ்டுசுமாப் ஊசியின் கதையும் ஒரு காலத்தில் இதுதான். நோயாளிகள் இயக்கம் குரல் கொடுத்தது, இந்தியாவில் காப்புரிமை கைவிடப்பட்டது, 2014இல் உள்நாட்டு மருந்து சந்தைக்கு வந்தது, விலை இறங்கியது. மருந்து விலை கடவுள் எழுதியது இல்லை. இறக்க வைத்தால் இறங்கும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். உழைக்கும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அந்தச் செலவை அவள் தலையில் கட்டக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். பிள்ளை பெற்ற உழைக்கும் பெண்ணின் உடல் சமூகத்தின் பொறுப்பு என்று அவர் சொல்லி ஏறக்குறைய நூறாண்டு ஆகப் போகிறது.

“எல்லாருக்கும் பயாப்சி எடுக்க முடியுமா?”

நாங்கள் இதைப் பேசும் இடமெல்லாம் வருகிற கேள்வி இது. பால் கட்டு என்று வருகிற 100 பெண்களில் 99 பேருக்குப் பால் கட்டுதான், ஒரு மருத்துவர் ஒரு நாளைக்கு 200 பேரைப் பார்க்கிறார், அபூர்வ நோய்க்காக எல்லாரையும் பயமுறுத்த முடியுமா என்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் எளிது.

எல்லாருக்கும் வேண்டாம். பால் கட்டு என்றால் மாத்திரையில் குறைய வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் சிவப்பு குறையவில்லை என்றால் ஸ்கேன் எடுத்து, தோலோடு சேர்த்துப் பயாப்சி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவப் பாடத்தில் இருக்கிற விதி. நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது முறை அதே வலியோடு வந்தவளுக்கு இரண்டாவது மாத்திரை எழுதாதே, தொட்டுப் பார், மேலே அனுப்பு என்கிறோம். அந்த ஒரு விதியை எல்லா ஓ.பி. அறையிலும் ஒட்டி வைக்க எத்தனை கோடி வேண்டும்?

200 பேரை ஒரே மருத்துவர் பார்க்க வேண்டியிருப்பதும் உண்மை. அந்த மருத்துவர்மீது மட்டும் பழி போட்டுவிட்டு அரசைத் தப்பவிட மாட்டோம். காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசும், மார்பகப் பரிசோதனைக்கு மறைவான அறை ஒன்று ஒதுக்காத நிர்வாகமும் இதில் கூட்டுக் குற்றவாளிகள்தான்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பத்து நாளில் குறையாத மார்பு வீக்கத்தை, வயது பார்க்காமல், அதே வாரத்தில் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அனுப்புவதைக் கட்டாய விதியாக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் ‘மார்பகம் பரிசோதிக்கப்பட்டது’ என்ற வரி இல்லாமல் பால் கட்டுக்கு மருந்து எழுதக் கூடாது.

2. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் ஒவ்வொரு நாளும் தாயின் மார்பையும் கிராம சுகாதார செவிலியர் கேட்டு, பார்த்து, பதிய வேண்டும். அதற்கான பயிற்சியும் கூடுதல் பணியாளர்களும் வேண்டும்.

3. கீறி எடுத்த எதையும் சோதனைக்கு அனுப்பாமல் எறியக் கூடாது. தனியார் கிளினிக்குகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

4. புற்றுநோய்ப் பதிவேட்டில் அட்டவணைச் சாதி, பழங்குடி விவரத்தைச் சேர்க்க வேண்டும். முதல் அறிகுறிக்கும் பயாப்சிக்கும் இடையே ஆன நாட்களைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும்.

5. தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் அட்டவணைச் சாதியினர். அவர்களுக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே இயற்றியாகிவிட்டது. அந்த நிதியிலிருந்து சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு, தங்குமிடம், கூலி இழப்பீடு, கைப்பிள்ளைக்குப் பராமரிப்பு கொடுக்க வேண்டும்.

6. ட்ரிபிள் நெகட்டிவ் புற்றுக்கான புதிய மருந்துகளை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்து, விலையைக் குறைக்க வைத்து, அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். நிலம், கோயில், சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என்று நாம் போராடும் பட்டியலில் இதுவும் ஏற வேண்டும். பெண்கள் நோய் என்று ஒதுக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது ஓ.பி. சீட்டுகளின் நகலையும் இணையுங்கள். உங்கள் தெருவில் ஒரு இளம் பெண் மார்பு வலி என்று இரண்டாவது முறை மாத்திரையோடு திரும்பி வந்தால், மூன்றாவது முறை அவளோடு நீங்களும் போங்கள். “தொட்டுப் பாருங்க டாக்டர், பார்த்ததைச் சீட்டுல எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார் என்று தேதி போட்டு நீங்கள் எழுதி வையுங்கள்.

சகோதரிகளே, சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எத்தனையாவது நாளில் போனீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இனி எந்த மேடையிலாவது யாராவது “விழிப்புணர்வு இல்லை” என்று பேசினால், எழுந்து நின்று அந்தச் சீட்டுகளைக் காட்டுவோம்.

ஜெய் பீம்.